ஆஸ்லோவில் ஒரு நூலக அட்டை: டைக்மன் முதல் ஓபரா கூரை வரை முழுமையான வழிகாட்டி

ஆஸ்லோவுக்குப் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் மாதத்தில் அலைவது வீட்டுக்கும், நல்ல அரிசி கிடைக்கும் கடைக்கும், காற்று புகாத ஜாக்கெட்டுக்கும்தான். நானும் அப்படித்தான் அலைந்தேன். நூலக அட்டை வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதக் குளிரில் எத்தனை மாலைகளை வீட்டுச் சுவரைப் பார்த்தே கழித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நீங்கள் முதல் வாரமே வாங்கிவிடுங்கள். எப்படி வாங்குவது, வாங்கியபின் என்னவெல்லாம் செய்யலாம், நூலகத்தைத் தாண்டி இந்த ஊரில் காசில்லாமலும் கொஞ்சம் காசு கொடுத்தும் எங்கெங்கே போகலாம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மூன்று நாள் சுற்றிப் பார்க்க வருபவர்கள் அட்டைப் பகுதியைத் தாண்டிவிட்டு, அரைநாள் நடையிலிருந்து படிக்கலாம்.

டைக்மன் என்றால் என்ன

ஆஸ்லோ நகர நூலகத்தின் பெயர் டைக்மன். இங்கே யாரும் "நூலகத்துக்குப் போகிறேன்" என்று சொல்வதில்லை, "டைக்மனுக்குப் போகிறேன்" என்பார்கள். கார்ல் டைக்மன் இரும்பாலை நடத்திய பணக்காரர். 1780-ல் இறந்தபோது தன்னிடம் இருந்த சுமார் 6,000 புத்தகங்களை இந்த ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அப்போது ஊரின் பெயர் கிறிஸ்தியானியா. 1785 ஜனவரி 12 அன்று அந்தப் புத்தகங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவர் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த ஊரில் இது தனிக்கதை இல்லை. ஓவியர் எட்வர்ட் முங்க் (மன்ச் என்று நாம் படிப்பவர்தான்) தன்னிடம் இருந்த படங்களை ஆஸ்லோ நகராட்சிக்கு உயில் எழுதினார். சிற்பி குஸ்தாவ் விகெலாண்ட், "எனக்கு வேலை செய்ய இடம் கட்டிக் கொடுங்கள், நான் செய்வதெல்லாம் உங்களுக்கு" என்று 1921-ல் நகராட்சியோடு ஒப்பந்தமே போட்டார். நீங்கள் இங்கே பார்க்கப்போகும் முக்கியமான இடங்களில் பாதி, யாரோ ஒருவர் ஊருக்கு விட்டுவிட்டுப் போனது. இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

நம் வசதிக்குக் காரணமான இன்னொருவர் ஹோகோன் நூஹுஸ். 1898-ல் இந்த நூலகத்தின் தலைவரானார். அமெரிக்க நூலகங்களில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். வாசகரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம் என்ற முறையை இங்கே கொண்டுவந்தவர் அவர்தான். அதற்கு முன் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முதல் படி: சும்மா உள்ளே போங்கள்

அட்டை வேண்டாம், பெயர் எழுத வேண்டாம், பையைச் சோதிக்க மாட்டார்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம், உட்காரலாம், படிக்கலாம், வைஃபை பிடிக்கலாம். சுற்றுலா வந்தவருக்கும் இதேதான். வாசலில் யாராவது "எங்கே போறீங்க" என்று கேட்பார்கள் என்று காத்து நின்று பழகிய நமக்கு இது முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டாம் தடவை சரியாகிவிடும்.

நகரம் முழுக்க 20-க்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. ஆனாலும் முதல் தடவை பியோர்விகாவில் இருக்கும் தலைமை நூலகத்துக்கே போங்கள். ஆஸ்லோ சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிக் கடல் பக்கமாக வெளியே வந்தால் ஐந்து நிமிட நடை. ஓபரா மாளிகைக்குப் பக்கத்துக் கட்டிடம். 2020 ஜூன் 18 அன்று திறந்தார்கள். அந்த வசந்தத்தில் திறந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டே உலகின் சிறந்த புதிய பொது நூலகம் என்ற சர்வதேச விருது கிடைத்தது.

வெளியே நின்று கட்டிடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். கீழே குறுகலாகவும் மேல்தளம் கடலை நோக்கி நீட்டிக்கொண்டும் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்களுக்கு ஓபரா மாளிகை மறையக் கூடாது என்பதற்காகக் கீழ்ப்பகுதியை ஒதுக்கிக் கட்டினார்கள். குறைந்த இடத்தை மேலே நீட்டி ஈடுகட்டிவிட்டார்கள். மூன்று வாசல்கள். கூரையிலிருந்து மூன்று ஒளித்தண்டுகள் சாய்வாக இறங்கி ஒவ்வொரு வாசலுக்கும் வருகின்றன. டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் வெளிச்சத்தைக் கட்டிடத்துக்குள் இழுத்துவர இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: நார்வேயில் தரைத்தளம்தான் முதல் தளம். "மூன்றாம் தளம்" என்றால் நம் கணக்கில் இரண்டாவது மாடி. இது தெரியாமல் லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாம் படி: அட்டை

நூலக அட்டைக்கு இங்கே "லோனெகோர்ட்" என்று பெயர். கட்டணம் இல்லை. பொது நூலகத்தில் இரவல் இலவசமாகவே இருக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு நூலகச் சட்டமே சொல்கிறது.

உங்களிடம் நார்வே தனிநபர் எண் (இங்கே குடியிருப்பவர்களுக்கு அரசு தரும் அடையாள எண்) இருந்தால் வேலை எளிது. டைக்மன் இணையதளத்தில் பதிந்துவிட்டு, அடையாள அட்டையோடு ஏதாவது ஒரு கிளைக்குப் போனால் கையில் கொடுத்துவிடுவார்கள். அதோடு நான்கு இலக்க ரகசிய எண் ஒன்று. இதைப் பத்திரமாக நினைவில் வையுங்கள், எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. "தேசிய இரவல் அட்டை" என்று பதிந்துகொண்டால் பெர்கன், ஸ்டவாங்கர் போய்க் குடியேறினாலும் அங்குள்ள நூலகத்தில் அதே அட்டை செல்லும். நார்வேக்குள் வேலை மாற்றி ஊர் மாற்றி அலைகிறவர்கள் இதையே கேட்டு வாங்குங்கள்.

தனிநபர் எண் இன்னும் வரவில்லையா? பாஸ்போர்ட்டையும் தங்கியிருக்கும் முகவரியையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் மேசையில் கேளுங்கள். எண் வரும்வரை காத்திருக்கிறேன் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு வீட்டில் உட்காராதீர்கள். என் ஏழு மாதமும் அப்படித்தான் போனது. கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பிள்ளைகளுக்குத் தனி அட்டை உண்டு. 15 வயதுக்குக் கீழ் என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் படி: ஆளில்லாத நேரத்துக்கு அனுமதி

பலர் தவறவிடுவது இதைத்தான். இங்குள்ள பல கிளைகளில் "மேர்ஓபென்ட்" என்று எழுதியிருக்கும். ஊழியர்கள் வருவதற்கு முன்பும் போன பிறகும் நூலகம் திறந்திருக்கும் என்று பொருள். கிளைக்குக் கிளை நேரம் மாறும். பெரும்பாலும் காலை 7 மணிக்கே தொடங்கி இரவு நெடுநேரம் வரை. அட்டையை வாசலில் இருக்கும் கருவியில் காட்டி, ரகசிய எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். உள்ளே விளக்கு, சூடு, புத்தகம், கணினி எல்லாம் இருக்கும். ஊழியர் மட்டும் இருக்க மாட்டார்.

ஆனால் அட்டை இருந்தாலே கதவு திறந்துவிடாது. இந்த நேரத்துக்கென்று தனியாக ஒருமுறை அனுமதி பதிய வேண்டும். 15 வயது ஆகியிருக்க வேண்டும். அது தெரியாமல் ஒரு நவம்பர் மாலை எட்டு மணிக்கு எங்கள் பக்கத்துக் கிளை வாசலில் நின்றேன். மழை. அட்டையைக் காட்டினேன், சிவப்பு விளக்கு. திரும்பக் காட்டினேன், சிவப்பு விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதுபோலக் கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பவும் புத்தகத்துக்குள் போய்விட்டார். தன் அட்டையில் இன்னொருவரை உள்ளே விடக் கூடாது என்பது விதி. அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போது நானும் கையை விரித்துத்தான் காட்டுகிறேன்.

ஆகவே அட்டை வாங்கும்போதே, "மேர்ஓபென்ட்டுக்கும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், சின்ன அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கும் மாணவர்களுக்கும் இதைவிடப் பெரிய உதவி இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை.

நான்காம் படி: எடுப்பது, முன்பதிவு செய்வது

எடுப்பதற்கு ஊழியரிடம் போக வேண்டியதில்லை. இரவல் இயந்திரத்தின் மேல் ஐந்தாறு புத்தகத்தை அடுக்கி அப்படியே வைத்தால், ஒவ்வொன்றாகக் காட்டாமலேயே எல்லாப் பெயரும் திரையில் வரிசையாக வந்துவிடும். எண்ணிக்கை சரியா என்று மட்டும் பாருங்கள். மெல்லிய குழந்தைப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சில சமயம் ஒன்று விட்டுப்போகும்.

புத்தகத்துக்குப் பொதுவாக நான்கு வாரம். வேறு யாரும் கேட்டுக் காத்திருக்காவிட்டால் இணையத்திலேயே நீட்டித்துக்கொள்ளலாம். மறந்துவிட்டால் நினைவூட்டல் வரும். அதையும் நீண்ட நாள் பார்க்காமல் விட்டால் புத்தகத்தின் விலைக்கே பில் வரும்.

வேண்டிய புத்தகம் வேறு கிளையில் இருந்தால் அங்கே ஓடாதீர்கள். இணையத்தில் "ரெசர்வெர்" என்ற பொத்தானை அழுத்தி, வீட்டுக்குப் பக்கத்துக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் வந்ததும் போனுக்குச் செய்தி வரும். "ஹென்டெஹில்லெ" என்று எழுதிய அலமாரியில் உங்களுக்குரிய எண்ணோடு காத்திருக்கும். நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்ப் புத்தகம் எங்கே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பட்ட பாடு அப்படி.

ஆஸ்லோவில் தமிழர்கள் என்றால் பெரும்பான்மை ஈழத்தமிழர்கள். 1980-களில் படிக்கவும் அடைக்கலம் தேடியும் வந்து, பலர் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, பிறகு தலைநகருக்கு இறங்கியவர்கள். இன்று கிழக்கே குரூருட் பள்ளத்தாக்குப் பக்கம் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்களுக்கும் இங்கே தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

தேடும்போது தமிழ் எழுத்தில் அடித்துத் தேடி, ஒன்றும் வராமல், "இங்கே தமிழே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தமிழ்ப் புத்தகங்களைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் பட்டியலிட்டிருப்பார்கள். ஆசிரியர் பெயரில் "ழ" இருந்தால் போச்சு, அதை எந்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனவே பெயரை விடுங்கள். தேடலில் மொழிக்கான வடிகட்டி இருக்கிறது. "ஸ்ப்ரோக்" என்றால் மொழி. அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து மொத்தப் பட்டியலையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு இதற்கு மேல் ஒரு வழி இருப்பதைக் காட்டியவர் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. ஒரு கிளையில் தமிழ் வரிசை முன்னால் நின்று, ஏற்கெனவே படித்துமுடித்த புத்தகங்களையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை தேடுறீங்கள்?"

"புதுசா ஏதாவது நாவல் இருக்கான்னு பார்க்கிறேன் ஐயா. இங்கே இவ்வளவுதான் போலிருக்கு."

"இஞ்ச இருக்கிறது இவ்வளவுதான். ஆனா இது மட்டுமெண்டு ஆர் சொன்னது? தேசிய நூலகத்தில பன்மொழிப் பிரிவு ஒண்டு இருக்கு. அங்க போகத் தேவையில்ல. இந்த மேசையில சொன்னீங்களெண்டா எடுப்பிச்சுத் தருவினம். நான் வடக்கில மீன் ஃபக்டரியில நிண்ட காலத்திலயே இப்பிடித்தான் எடுப்பிச்சு வாசிச்சனான்."

அவர் சொன்னது இதுதான்: பன்மொழி நூலகம் என்று நார்வே முழுமைக்கும் சேர்த்து ஒன்று இருக்கிறது. முன்பு டைக்மனோடு இருந்தது, 2017-ல் தேசிய நூலகத்தின் கீழ் வந்தது. பல மொழிகளில் புத்தகங்களை வாங்கிவைத்து, நாட்டில் எந்த ஊர் நூலகம் கேட்டாலும் அனுப்பும். நாம் நேராக அங்கே போவதில்லை. நம் கிளை வழியாகக் கேட்கிறோம். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் இந்த வழியில் வரும். வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும், அதனால் கையில் இருப்பதை முடிப்பதற்கு முன்பே அடுத்ததைச் சொல்லிவையுங்கள். உங்கள் கிளையில் தமிழ் அலமாரி காலியாக இருந்தால் அதையும் ஊழியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் இருந்தால்தான் ஒரு பெட்டிப் புத்தகம் வரவழைத்து வைப்பார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

பியோர்விகாவில் குழந்தைகள் பகுதி இரண்டாம் தளத்தில். ஓடலாம், உருளலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பள்ளிப் பாடத்தில் உதவி வேண்டும் என்றால் பல கிளைகளில் "லெக்சேயெல்ப்" நடக்கிறது. வீட்டுப்பாடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள். பெற்றோருக்கே நார்வேஜிய மொழி தெரியாத வீட்டில் இது பெரிய விஷயம்.

பத்து வயது தாண்டிய பிள்ளை இருந்தால் டோயன் பகுதியில் இருக்கும் பிப்லோ டோயனுக்கு அனுப்புங்கள். அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன், கூட்டிப்போங்கள் என்று சொல்லவில்லை. 2016-ல் திறந்த இந்த நூலகம் 10 முதல் 15 வயதுக்காரர்களுக்கு மட்டும். பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லை. பழைய லாரி ஒன்றைச் சமையலறையாக மாற்றியிருக்கிறார்கள். பனிச்சறுக்கு மலையில் ஓடிய கூண்டுக்குள் உட்கார்ந்து படிக்கலாம். நம்மூர் ஆட்டோ மாதிரி மூன்று சக்கர வண்டியும் உண்டு. கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் காபி குடிக்கப் போகும் அம்மா அப்பாக்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

மொழி கற்க

குடியுரிமைக்கோ வேலைக்கோ நார்வேஜிய மொழித் தேர்வு எழுதப் போகிறவர்கள் இரண்டு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று "ஸ்ப்ரோக்கஃபே". வாரத்துக்கு ஒருநாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சும்மா பேசிப் பழகுவது. கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, தப்பாகப் பேசினால் சிரிக்க மாட்டார்கள். இரண்டாவது "லெட்லெஸ்ட்". எளிய மொழியில் பெரியவர்களுக்காக எழுதிய புத்தகங்கள். குழந்தைக் கதையில் முயல் என்ன சாப்பிட்டது என்று படித்துச் சலித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

மூன்றாம் தளத்தின் தையல் இயந்திரம்

பியோர்விகாவின் மூன்றாம் தளத்தில் பட்டறை இருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், ஒலிப்பதிவு அறைகள், தையல் இயந்திரங்கள். சிலவற்றுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுக வகுப்பு, பிறகு இணையத்தில் நேரம் பதிந்துகொண்டு போக வேண்டும்.

ஊரிலிருந்து தைத்து வந்த என் பிளவுஸ்கள் இரண்டு, இந்த ஊர் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்ததில் தோளில் ஏறவில்லை. இங்கே தையல்காரரிடம் கொடுத்தால் அவர் கேட்கும் கூலிக்கு ஊரில் புதுப் புடவையே வாங்கலாம். பொங்கலுக்கு முந்தைய வாரம் பிளவுஸையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பக்கத்து இயந்திரத்தில் ஒரு கல்லூரிப் பையன் கிழிந்த கூடாரத்துக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே எடுத்தேன். அவன் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "முன்கூட்டியே இடம் விட்டுத் தைத்திருக்கிறார்களா?" என்று கேட்டான். ஆமாம், எங்கள் ஊரில் உடம்பு போடும் என்பது தையல்காரருக்குத் தெரியும் என்றேன்.

அரைநாள் நடை: பியோர்விகா

இப்போது சுற்றிப் பார்ப்பவர்களுக்கு. நூலகம், ஓபரா, முங்க் அருங்காட்சியகம் மூன்றும் ஒரே இடத்தில், நடக்கும் தூரத்தில்.

நூலகத்தின் ஐந்தாம் தளத்திலிருந்து தொடங்குங்கள். கண்ணாடி வழியே கடலும் ஓபரா கூரையும் தெரியும். அங்கே ஓர் ஓரத்தில் "அமைதி அறை" இருக்கிறது. மரத்தாலான சின்னக் குகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்கால நூலகம் என்ற திட்டத்துக்கான அறை இது. 2014-ல் ஸ்காட்லாந்துக் கலைஞர் கேத்தி பாட்டர்சன் ஆஸ்லோவுக்கு வடக்கே நோர்ட்மார்கா காட்டில் 1,000 ஸ்ப்ரூஸ் கன்றுகளை நட்டார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர், யாரும் படிக்காத ஒரு படைப்பைக் கொடுக்க வேண்டும். 2114-ல் அந்த மரங்களை வெட்டிக் காகிதமாக்கி, நூறு படைப்புகளையும் அச்சிடுவார்கள். அதுவரை கையெழுத்துப் பிரதிகள் இந்த அறையின் சுவரில் இருக்கும் கண்ணாடி இழுப்பறைகளில். நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஹான் காங் கொடுத்ததும் அங்கேதான் இருக்கிறது. பெயரும் ஆண்டும் படிக்கலாம், உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நான்கைந்து பேர் ஏற்கெனவே இருந்தால் வெளியே கொஞ்சம் பொறுத்துப் போங்கள். கூட்டமாக நின்றால் அறை வீண்.

அங்கிருந்து இறங்கி ஓபரா மாளிகை. 2008-ல் திறந்தது, ஸ்னோஹெத்தா நிறுவனத்தின் வடிவமைப்பு. இத்தாலியக் கராரா பளிங்கில் சரிவாக அமைந்த கூரை தண்ணீர் வரை இறங்கி வரும். அதன்மேல் ஏறி நடக்கலாம், டிக்கெட் கிடையாது. குளிர்காலத்தில் பளிங்கில் பனி உறைந்திருக்கும், சறுக்கும். புடவையோடு படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் ஜூன் வரை பொறுங்கள். முகப்புக்கூடத்துக்குள்ளும் இலவசமாகப் போய்வரலாம். அலைபோல வளைந்த ஓக் மரச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

முங்க் அருங்காட்சியகம் 2021 அக்டோபர் 22-ல் திறந்த 13 மாடிக் கட்டிடம். உச்சி கூனிக் குனிந்ததுபோல இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கட்டிடத்தைப் பிடிக்காது. எனக்கும் வெளியே பிடிக்காது, உள்ளே போய்விட்டால் பிடிக்கும். உயிலில் வந்த ஓவியங்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல். எல்லோரும் தேடி வருவது "அலறல்" படத்தை. அதை முங்க் ஒரே ஒருமுறை வரையவில்லை. இங்கே மூன்று வடிவங்கள் இருக்கின்றன. காகிதத்திலும் அட்டையிலும் இருப்பதால் வெளிச்சம் பட்டால் கெடும் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து காட்டுகிறார்கள். மற்ற இரண்டும் மூடியிருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், வேறு அறைகளைச் சுற்றிவிட்டு வந்தால் அடுத்தது திறந்திருக்கும். 1893-ல் வரைந்த புகழ்பெற்ற முதல் ஓவியம் இங்கே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது நகரத்தின் மறுபக்கம், தேசிய அருங்காட்சியகத்தில்.

ஊரின் மறுபக்கம்

தேசிய அருங்காட்சியகம் 2022 ஜூன் 11-ல் நகரசபைக் கட்டிடத்துக்கு அருகே புது இடத்தில் திறந்தது. நார்டிக் நாடுகளிலேயே பெரிய கலை அருங்காட்சியகம் என்பார்கள். அதற்குத் தகுந்தாற்போலக் கால் வலிக்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இங்கும் முங்க்கிலும் டிக்கெட் வேண்டாம்.

இரண்டு நாளில் மூன்றுக்கு மேல் மியூசியம் பார்க்கப்போகிறீர்கள் என்றால் ஆஸ்லோ பாஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24, 48, 72 மணிநேரத்துக்குக் கிடைக்கும், பஸ், மெட்ரோவும் அதில் சேர்த்தி. ஒன்றிரண்டு மட்டும் என்றால் நஷ்டம். வைக்கிங் கப்பல்களைப் பார்க்க ஆசைப்பட்டு வருபவர்கள் முதலில் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அருங்காட்சியகத்தை 2022-ல் விரிவாக்க வேலைக்காக மூடினார்கள், 2027-ல் திறப்பதாகத் திட்டம்.

விகெலாண்ட் பூங்காவின் கதவை மூடுவதில்லை, கட்டணமும் கிடையாது, நள்ளிரவிலும் போகலாம். 200-க்கும் மேற்பட்ட சிற்பங்கள். நடுவில் ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிநிற்கும் தூண். மூன்று கல்தச்சர்கள் பதினான்கு ஆண்டு செதுக்கியது. கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு இது அந்நியமாகவே படாது.

சொல்லி பிளாஸில் தேசிய நூலகம். நார்வேயில் பொதுமக்களுக்காக வெளியிடும் எதையும் இங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது 1989 சட்டம். மொழி எதுவானாலும் சரி, ஆஸ்லோவில் அச்சாகும் தமிழ் இதழுக்கும் இது பொருந்தும். பிரதிகளை வடக்கே மூ இ ரானா என்ற ஊரில் மலையைக் குடைந்த பாதுகாப்பறையில் வைக்கிறார்கள். வீட்டிலிருந்தே பயன்படுத்த "நெட்பிப்லியோத்தெக்" என்ற இணைய நூலகம் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நார்வே புத்தகங்களில் பெரும்பகுதியை முழுதாகவே படிக்கலாம். பதிப்புரிமை உள்ளவற்றை நார்வே இணைய முகவரியிலிருந்து மட்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் படிக்கலாம் என்று நினைத்தால் திறக்காது.

அரண்மனைப் பூங்காவுக்குப் பின்னால் 2007-லிருந்து இலக்கிய இல்லம் இயங்குகிறது. பேச்சு, விவாதம், எழுத்தாளர் சந்திப்பு. பெரும்பாலும் நார்வேஜிய மொழியில், வெளிநாட்டு எழுத்தாளர் வரும்போது ஆங்கிலத்தில். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எதிர்கால நூலகத்துக்காக நட்ட மரங்களையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் மெட்ரோ ஒன்றாம் எண் வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தமான ஃபிரோக்னர்சேத்தரனில் இறங்கிக் காட்டுக்குள் நடக்க வேண்டும். நல்ல ஷூ அவசியம். போய்ப் பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் இருக்காது, இடுப்பு உயரமும் ஆள் உயரமுமாக ஸ்ப்ரூஸ் கன்றுகள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்தது.

மூடியிருக்கும் நாட்கள்

ஈஸ்டர் வாரத்தில் வியாழன், வெள்ளி, பிறகு ஞாயிறு, திங்கள் என்று ஊரே அடைத்துக் கிடக்கும். ஜூலையில் பல கிளைகள் நேரத்தைக் குறைத்துவிடும். ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமைக்குள் பையை நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கத்தியவர்கள் அந்த விடுமுறையில் மலைக்குடிலுக்குப் போய்த் துப்பறியும் கதை படிப்பதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். அந்த வரிசை முதலில் காலியாகும்.

திருப்பிக் கொடுப்பதும் தானம் கொடுப்பதும்

எங்கே எடுத்தாலும் எந்த டைக்மன் கிளையிலும் திருப்பிப் போடலாம். இயந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாக வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். திரையில் பெயர் நீங்கியதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் கணக்கைத் திறந்து ஒன்றும் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு படப் புத்தகம் சோபாவுக்கு அடியில் இரண்டு மாதம் ஒளிந்திருந்தது.

கிளம்பும்போது, நம்மிடம் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களை நூலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நிற்காதீர்கள். நூலகங்கள் பொதுவாகப் பழைய புத்தகங்களை வாங்கிக்கொள்வதில்லை. பட்டியலிட வேண்டும், இடம் வேண்டும், அவர்கள் தேர்ந்தெடுத்து வாங்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்காமலே இரண்டு பெட்டியோடு போனேன். மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். "டைக்மன் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொண்டீர்களே?" என்றேன். "அவர் இருந்த காலத்தில் எங்களிடம் அலமாரி காலியாக இருந்தது" என்றார். பெட்டிகள் இரண்டும் இப்போது அந்த யாழ்ப்பாணத்து ஐயா வீட்டில் இருக்கின்றன.